நாற்பதில் வந்திருந்தால்

நவம்பர் 4, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுதுகிற நிலைமையில் வீடு இல்லை.

அப்பாவின் குட்டியானை லோடு வண்டி நேற்றுச் சாயங்காலம் பந்தல்குடி ரோட்டில் ஒருவர் மேல் மோதிவிட்டது. சைக்கிளில் வந்தவர். இருளப்பன் என்று பெயர், மில்லில் வாட்ச்மேன். இடுப்பும் காலும் உடைந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆனால் இன்னும் தெளிவாகப் பேசவில்லையாம்.

டியூஷன் விட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்காதான் சொன்னார், "உங்கப்பா ஸ்டேஷன்ல இருக்காராம், உங்கம்மா அங்கதான் ஓடிருக்கு" என்று. சாவி அவரிடம் இருந்தது. அம்மா போனில் சொன்னபடி அப்பாவுக்கு ஒரு சட்டை, பிரஷர் மாத்திரை எல்லாம் எடுத்தேன். அலமாரியில் அப்பாவின் கண்ணாடி அதன் டப்பாவுக்குள்ளேயே இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷனில் அதை நீட்டியதும் அப்பா படக்கென்று வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மூக்கில் மாட்டவில்லை.

கண்ணாடி இல்லாமல் அப்பா வண்டியைத் தொடவே மாட்டார். நேற்று மட்டும் ஏன்? அதனால்தான் ஆள் வந்தது தெரியவில்லையா? கேள்வி வாய்வரை வந்தது. பக்கத்தில் போலீஸ்காரர் நின்றதால் கேட்கவில்லை.

இன்று மத்தியானம் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. அண்ணனுக்கும் உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறது. போலீஸ் வேலைக்காகக் கயிறு ஏறிப் பழகும்போது விழுந்துவிட்டானாம். நேரம் பார்த்து எல்லாம் ஒன்றாக வருகிறது.

நவம்பர் 7, வெள்ளி

பிசிக்ஸில் உராய்வு ஆரம்பித்துவிட்டார்கள். எஸ்தர் மிஸ் போர்டில் ஒரு கணக்குப் போட்டார். வேகமாக வரும் கார் பிரேக் போட்டதும் டயர் தேய்ந்து இவ்வளவு தூரம் போய் நிற்கிறது. முதலில் என்ன வேகத்தில் வந்தது?

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நிற்கப் போகிற வண்டிக்கு எதற்கு முடுக்கம்? அதற்கு முன்னால் மைனஸ் வேறு. கேட்டேன். "வேகம் கூடுறதும் முடுக்கம்தான், குறையறதும் முடுக்கம்தான். குறைஞ்சா மைனஸ். ஈஸ்வரி, இதை ஒன்பதாம் வகுப்புலயே படிச்சிருக்க" என்றார் மிஸ். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா விஷயம் தெரிந்துதான் பார்க்கிறார்களோ என்று தோன்றியது.

பக்கத்தில் ரிஸ்வானா நான்கே வரியில் போட்டு முடித்துவிட்டாள். நான் அதைப் பார்த்து எழுதினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கடையில் அரை கிலோ சின்ன வெங்காயம் வாங்கப் போனேன். இருளப்பனின் மச்சினர் ஒருவர் அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தார். "எண்பதுல வந்து அடிச்சிருக்கான். காலி வண்டிதானே, பேய் மாதிரி வந்திருக்கான்" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வெங்காயத்தை வாங்காமலே வந்துவிட்டேன். அம்மா திட்டினாள். திரும்பவும் போய் வாங்கி வந்தேன்.

அப்பா எண்பதில் போவாரா? மார்க்கெட்டில் அவருக்குப் பட்டப்பெயரே 'நாப்பது'. "நாப்பது வந்துட்டாரா, அப்ப விடிஞ்சிருச்சு" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட நாற்பதுதான். நாங்கள் போய்ச் சேரும்போது பந்தி முடிந்திருக்கும்.

எஸ்தர் மிஸ் போட்ட கணக்கு ஞாபகம் வந்தது. ரோட்டில் டயர் தேய்ந்த கோடு இன்னும் இருக்கிறது. டியூஷன் போகும்போது தினமும் அதன்மேல்தான் சைக்கிள் ஓட்டுகிறேன். அதை அளந்தால் அப்பாவின் வேகம் வந்துவிடும். நாற்பது என்று எழுதி வக்கீலிடம் கொடுக்கலாம்.

யாரிடமும் சொல்லவில்லை. விடை வரட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை வருகிற மாதிரி இருந்தது. கோடு அழிந்துவிடுமோ என்று பயந்து ரிஸ்வானாவை இழுத்துக்கொண்டு போனேன். அவளுடைய அத்தா கட்டட வேலை எடுத்துச் செய்பவர், அவருடைய நீளமான டேப்பைக் கொண்டுவந்தாள். லாரி வரும்போதெல்லாம் ஓடி ஓரம் நின்று, மறுபடியும் பிடித்து அளந்தோம்.

இரண்டு கோடு. ஒன்று இருபத்தெட்டு மீட்டர், இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் நீளம். அப்பாவுக்காகச் சின்னதை எடுத்துக்கொண்டேன். கோடு ஆரம்பித்துப் பதினாறாவது மீட்டரில் ஹெட்லைட் கண்ணாடித் தூள் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. ரிஸ்வானா, "இங்கதான் பட்டிருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். அதையும் குறித்துக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை.

நவம்பர் 12, புதன்

காய்ந்த தார் ரோட்டில் ரப்பர் டயருக்கு உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் மிஸ். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன். புவியீர்ப்பு முடுக்கம் g-க்குப் பத்து.

கடைசியில் நிற்கிறது, அதனால் v = 0
s = 28
a = –0.7 × 10 = –7
v² = u² + 2as
0 = u² – 2 × 7 × 28
u² = 392
u = 19.8

பத்தொன்பது புள்ளி எட்டு! நாற்பதில் பாதிகூட இல்லை. அப்பா நாற்பதில்கூட வரவில்லை, இருபதில்தான் வந்திருக்கிறார். எண்பது என்று சொன்ன அந்த ஆளை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்மாவிடம் போய், "அம்மா, அப்பா இருபதுலதான் வந்திருக்காரு" என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "உனக்கு யார் சொன்னா?" என்றாள். கணக்குப் போட்டேன் என்றேன். அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "படிக்கிற வேலையைப் பாரு" என்றாள்.

நவம்பர் 13, வியாழன்

ரிஸ்வானாவிடம் காட்டினேன். ஒவ்வொரு படியாக விரல் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி என்றாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"ஈஸு, இது மணிக்குக் கிலோமீட்டர் இல்லடி. நொடிக்கு மீட்டர். பதினெட்டால பெருக்கி அஞ்சால வகு."

வகுத்தேன். எழுபத்தொன்று வந்தது.

நவம்பர் 14, வெள்ளி

எங்கேயோ தப்பு.

நவம்பர் 15, சனி

காலையிலிருந்து மூன்று தாளில் போட்டுப் பார்த்துவிட்டேன். எழுபத்தொன்றுதான். ஒரு தடவை மட்டும் நூற்றுச்சொச்சம் வந்தது, அது பெருக்கல் தப்பு.

பிறகு ஒரு யோசனை வந்தது. ரோடு ஈரமாக இருந்திருந்தால் டயர் வழுக்கும். மெதுவாக வந்த வண்டிகூட நீளமாகத் தேய்த்துக்கொண்டு போகும். அப்பாவிடம் போய், "அன்னைக்கு மழை பெஞ்சுச்சாப்பா?" என்றேன். அப்பா என்னையே பார்த்தார். பிறகு, "ஆமா தாயி, லேசாத் தூறுச்சு" என்றார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

ஈர ரோட்டுக்கு 0.4 போட்டேன். u² = 2 × 4 × 28 = 224. வர்க்கமூலம் 15. கிலோமீட்டராக மாற்றினால் ஐம்பத்து நான்கு. குறைந்திருக்கிறது, ஆனாலும் நாற்பது இல்லை.

சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "அன்னைக்கு ஏது மழை? மிளகா வத்தல் மாடியிலதானே கிடந்துச்சு. நாந்தான் போன் வந்ததும் அள்ளாமக்கூட ஓடுனேன்" என்றாள்.

அப்பாவுக்கு மறந்திருக்கும்.

நவம்பர் 16, ஞாயிறு

கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். வேகம் நாற்பது என்று வைத்துக்கொண்டால் மியூ, அதாவது அந்த உராய்வுக் குணகம், எவ்வளவு இருக்க வேண்டும்? இதில் மியூதான் தெரியாதது, அதை ஒரு பக்கம் தனியாகக் கொண்டுவர வேண்டும். இந்த மாதிரி இடம் மாற்றுவதுதான் எனக்கு எப்போதும் குழப்பும். இன்று வந்துவிட்டது.

நாற்பது கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11.1 மீட்டர். அதன் வர்க்கம் 123.
123 = 2 × μ × 10 × 28
123 = 560μ
μ = 0.22

ரிஸ்வானாவுக்குப் போன் செய்து கேட்டேன். "0.22-ஆ? அது என்னடி ரோடா, சோப்புத் தண்ணி ஊத்துன பாத்ரூமா?" என்றாள். பிறகு அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அண்ணன் காலையிலும் சாயங்காலமும் மைதானத்துக்குப் போகிறான். போலீஸ் வேலைக்கான எழுத்துப் பரீட்சையில் பாஸாகிவிட்டான். அடுத்து ஓட்டமும் கயிறு ஏறுவதும்தான், வருகிற இருபத்து நான்காம் தேதி. அம்மா தினமும் இரண்டு முட்டை அவித்துக் கொடுக்கிறாள். இன்று தின்றதும் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தான். பரீட்சை பயம் என்கிறாள் அம்மா. எழுத்துப் பரீட்சைக்கு முந்தின நாள் இதே ஆள் மூன்று தட்டு புரோட்டா தின்றான்.

நவம்பர் 18, செவ்வாய்

அப்பாவுக்கு வேலை இல்லை. வண்டி வரும்வரை வீட்டில்தான். இன்று மிக்ஸியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிப்பா நடந்தது என்று கேட்டேன்.

"நாப்பதுலதான் வந்தேன். அந்த ஆளு சைக்கிளை இடது பக்கத்துல இருந்து சடாருன்னு திருப்பிட்டாரு. பிரேக் போட்டேன். நிக்கல."

ஸ்டேஷனில் சொன்னபோது வலது பக்கம் என்றார். நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன்.

"கண்ணாடி போட்டிருந்தீங்களாப்பா?"

"போடாம எப்படி ஓட்டுவேன்?"

ஸ்குரு ஒன்று கீழே உருண்டது. நான் தேடி எடுத்துக் கொடுத்தேன். அப்பா பொய் சொல்ல மாட்டார். கணக்கும் பொய் சொல்லாது என்கிறார் எஸ்தர் மிஸ். அப்படியானால் இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அப்பா அன்று அப்பாவாக இல்லையா? அவர் சாயங்காலம் வண்டியே எடுக்க மாட்டாரே. விடிவதற்கு முன்னாடி மார்க்கெட் போனால் மத்தியானம் வந்து சாப்பிட்டுத் தூங்குகிறவர்.

தலை வலிக்கிறது. நாளைக்கு வேதியியல் டெஸ்ட்.

நவம்பர் 20, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு தடவையாவது போய்ப் பார்க்காவிட்டால் நாம் மனுசங்களா என்று அம்மாவே கிளம்பினாள். கேரியரில் சாதமும் ரசமும். போகும்போது வழியெல்லாம் "நீ வாயைத் திறக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இருளப்பனின் சம்சாரம் சீதாலட்சுமி எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் உட்காருங்கள் என்று ஸ்டூலை நகர்த்தினார். இருளப்பன் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தார். இப்போது நன்றாகப் பேசுகிறார். காலில் கம்பி மாட்டிச் செங்கல் மாதிரி ஒன்றைத் தொங்க விட்டிருக்கிறார்கள்.

"உங்களைச் சேர்ந்தவங்க யாரும் எட்டிப் பார்க்கலையேன்னு நினைச்சேன்" என்றார் சீதாலட்சுமி. "ஊர்ல யாரோ பெத்த பிள்ளை தினமும் வருது. மில்லுல கூட வேலை பார்க்கிறவர் மகனாம். ராத்திரிச் சாப்பாடு வாங்கியாறதும், இவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறதும் அந்தத் தம்பிதான்."

இருளப்பன் சொன்னார்: "ரோட்டுல கிடந்தப்பவும் அவந்தாம்மா. என் தலையைத் தூக்கி மடியில வச்சுத் தண்ணி கொடுத்தான். அவன் உதட்டுலயும் ரத்தம். ஐயா ஐயான்னு அழுகை வேற. யாரு பெத்த பிள்ளையோ."

அம்மா கேரியரைத் திரும்ப மூடாமலே எடுத்தாள். ரசம் என் சுடிதாரில் கொட்டியது. வர்றோம் என்று சொன்னாளா இல்லையா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்றேன். வேகம் காட்டும் முள் ஐம்பதிலேயே ஆடிக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். ஊர் வரும்வரை என் பக்கம் பார்க்கவில்லை.

ரசக்கறை போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகும் என்கிறார்கள்.

நவம்பர் 21, வெள்ளி

ரிஸ்வானா கணக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். விட்டுவிட்டேன் என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது புரிகிறதா பார்ப்போம்.

காலையில் அப்பா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் பிசிக்ஸ் புத்தகத்திலிருந்து அந்தத் தாள் விழுந்துவிட்டது. அப்பா எடுத்துப் பார்த்தார். அவர் எட்டாவது வரைதான் படித்தவர். ஆனால் 'அப்பா வேகம்' என்று நான் மேலே எழுதியிருந்தேன்.

"இது என்ன தாயி?"

சும்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். இது கோட்டின் நீளம், இது டயரின் உராய்வு, இது நிற்பதற்கு முன்னாடி இருந்த வேகம். அப்பா வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். நடுநடுவே "ம்" என்றார். எழுபத்தொன்று என்று முடித்ததும் தாளை மடித்தார்.

"இந்தக் கணக்கை வேற யாரும் போடல. நீயும் போடாத மாதிரி விட்டுரு."

"அப்பா, நீங்க எழுபதுல போனதே இல்லையே."

அப்பா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். எனக்குப் பின்னால் வாசலில் அண்ணன் நின்றிருக்கிறான். மைதானத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான், சட்டையெல்லாம் வேர்வை. எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. உள்ளே வந்து என் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான்.

"ஈஸு, நாப்பதுல வந்திருந்தா?"

"காளி, நீ குளிக்கப் போ" என்றார் அப்பா.

"இருங்கப்பா. நாப்பதுல வந்திருந்தா அவர் மேல பட்டிருக்குமா?"

பென்சிலை எடுத்தேன். பிரேக் போட்ட இடம் அதேதான். காய்ந்த ரோடு. 0 = 123 – 14s. 14s = 123. s = 8.8. ஒன்பது மீட்டருக்குள் நின்றிருக்கும். கண்ணாடித் தூள் கிடந்தது பதினாறில்.

"பட்டிருக்காதுண்ணே."

அண்ணன் அந்த எட்டுப் புள்ளி எட்டையே பார்த்தான். பிறகு என்னிடம் இல்லை, தரையைப் பார்த்துச் சொன்னான். "அப்பா தூங்கிட்டிருந்தாரு. டீசல் போடத்தான் எடுத்துட்டுப் போனேன். ரோடு காலியா இருந்துச்சு. சும்மா அமுக்கிப் பார்த்தேன்."

அடிபட்டதும் அவன்தான் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறான். அப்பா யாருடைய பைக்கிலோ போய் இறங்கி, அவனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, சாவியைத் தன் கையில் வாங்கிக்கொண்டிருக்கிறார். அண்ணனிடம் பைக் லைசென்ஸ்தான் இருக்கிறது. கேஸ் வந்தால் போலீஸ் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றாள். அப்பா மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தார்.

எனக்கு முதலிலேயே தெரியுமா? ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டதா? தெரியும் என்றால் ஏன் நான் மறுபடி மறுபடி கணக்கைப் போட்டேன்? தெரியாது என்றால் அண்ணன் கேட்டபோது எனக்கு ஏன் ஆச்சரியமாக இல்லை?

நவம்பர் 24, திங்கள்

அண்ணன் காலையில் டிராக் பேண்ட், ஷூ எல்லாம் போட்டுக் கிளம்பினான். அம்மா நெற்றியில் விபூதி பூசி விட்டாள். அவன் அந்தத் தாளைக் கேட்டான். கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்தான். வாசல் வரை போனவன் திரும்பி வந்து கொடுத்துவிட்டான். "வேணாம். வாயாலயே சொல்லிக்கிறேன்."

அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பின்னாலேயே ஓடினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "நீ இரு, நான் கூடப் போறேன்" என்றார். இரண்டு பேரும் நடந்தே போனார்கள். மைதானம் இருக்கிற பக்கம் இல்லை, ஸ்டேஷன் இருக்கிற பக்கம்.

பள்ளிக்கூடம் போனேன். என்ன நடத்தினார்கள் என்று தெரியாது.

நவம்பர் 25, செவ்வாய்

எஸ்.ஐ. இரண்டு பேரையும் பிடித்துத் திட்டியிருக்கிறார். "அப்பனும் மகனுமாச் சேர்ந்து எங்களை மடையனாக்குனீங்களா?" என்றாராம். இப்போது அண்ணன் மேல் கேஸ். லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டி போனதற்கும், பொய் சொன்னதற்கும் அப்பா மேல் கேஸ். அண்ணனையும் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். ஓட்டத்துக்குப் போகாததால் இந்த வருஷம் போலீஸ் வேலை இல்லை. அடுத்த வருஷமும் கேஸ் முடிந்தால்தான். முடிந்தாலும் எடுப்பார்களோ என்னவோ என்கிறார் வக்கீல்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டில் சோறு போட்டு என் பக்கம் தள்ளுகிறாள், அவ்வளவுதான். நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அண்ணனைப் போ என்றும் சொல்லவில்லை. அப்பாவைக் காப்பாற்றலாம் என்றுதான் அளக்கவே போனேன். அப்பா தப்பித்துவிட்டாரா என்றால் அதுவும் முழுசாக இல்லை.

நவம்பர் 27, வியாழன்

பிசிக்ஸ் டெஸ்ட் பேப்பர் கொடுத்தார்கள். உராய்வுக் கணக்கில் முழு மார்க். எஸ்தர் மிஸ் வகுப்பில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கை தட்ட வைத்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

ஜாமீனில் வந்த மறுநாளே அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்களிடமே சொல்லிவிட்டானாம். இன்றுதான் என்னிடம் சொன்னான். இருளப்பன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீதாலட்சுமி, "இத்தனை நாளா உன் கையால அவரைத் தொட விட்டேனே" என்று அழுதார். இனிமேல் வராதே என்றார்.

அதற்குப் பிறகும் அண்ணன் தினமும் போகிறான். உள்ளே விடவில்லை. வராண்டாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறான்.

"எதுக்குண்ணே போற?"

"தெரியல. போகாம இருக்க முடியல" என்றான்.

நவம்பர் 30, ஞாயிறு

அண்ணன் இன்று மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. குப்புறப் படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். இந்த மாதம் முழுக்க அவன் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு எழுந்துவிடுவான் என்று அம்மா மிக்ஸி போடவில்லை. தேங்காயை அரைக்காமல் பொடியைக் குழைத்துத் தொட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

அப்பா வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். அடுப்படியில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா கல்லில் மாவை ஊற்றிவிட்டு அப்படியே நின்றாள்.

"சாவியை நாந்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்றாள்.

என்னிடம்தான் பேசுகிறாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"டீசல் இல்ல, விடியக்காலம் மார்க்கெட் போகணும்னு சொல்லிட்டுப் படுத்தாரு. அசந்து தூங்குற மனுசனை எதுக்கு எழுப்பணும்னு அவன்கிட்ட எடுத்து நீட்டுனேன். அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நாலு எட்டுல பங்க்கு, போயிட்டு வாடான்னேன்." கரண்டியைக் கையில் பிடித்திருந்தாளே தவிரத் தோசையைத் திருப்பவில்லை. "இதை நான் அங்க போயிச் சொல்லணுமா? ஸ்டேஷன்ல?"

எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டாம் என்று சொல்ல வந்தேன். சொல்லும்மா என்றும் சொல்ல வந்தேன். "அண்ணன் எந்திரிக்கட்டும்மா, கேட்போம்" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். அதற்குள் தோசை ஒரு பக்கம் கருகிவிட்டது. அதை எடுத்து என் தட்டில் போட்டேன். அடுத்ததை அம்மா நல்லெண்ணெய் விட்டு முறுகலாகச் சுட்டு, அண்ணனுக்கென்று மூடி வைத்தாள். பிறகு என் தட்டைப் பார்த்துவிட்டு, கருகியதை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, எனக்கு வேறு ஊற்றினாள்.